கைப்பேசியின் சாவிக்கொத்து காணாமற் போனால்...

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மழை விட்டு, லயத்துக் கூரைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்த நேரம். முன்பு என்னிடம் படித்து, இப்போது கூலிம் உயர்தொழில்நுட்பப் பேட்டையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. கையில் ஒரு கைப்பேசி.

“சார், ரூட் போயிடுச்சு சார்.”

வாசக அன்பர்களே, உங்களில் பலர், “ரூட்டா? அது என்ன?” என்று கேட்பீர்கள். சிலரோ, “எனக்கும் அப்படித்தான் ஆயிற்று!” என்பீர்கள். இருசாராரும் பொறுமையோடு படியுங்கள். இன்று நம் தோட்டப்புறங்களில் கைப்பேசி இல்லாத வீடு இல்லை. அவற்றுள் பல, பட்டணத்துக் கடைகளில் பழையதாக வாங்கியவை. முன்பு வைத்திருந்தவர் அதற்குள் என்ன செய்து வைத்தார் என்பது நமக்குத் தெரியாது. தெரியாமலேயே அந்தக் கைப்பேசியில் வங்கிக் கணக்கையும் வைத்துக்கொள்கிறோம்.

தம்பியின் கதையும் அதுதான். சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் 280 வெள்ளிக்கு வாங்கிய போன். “ரூட் செய்த போன், விளம்பரமே வராது” என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தாராம். அவனுடைய அம்மா வைத்திருப்பது பழைய பொத்தான் போன். ஆகவே அவருடைய வங்கிச் செயலியையும் மகனின் போனில்தான் பதிவு செய்திருந்தார்கள். சனிக்கிழமை இரவு போன் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. காலையில் எழுந்து பார்த்தால் ரூட் இல்லை. வங்கிச் செயலியைத் தொட்டால், “இக்கருவி பாதுகாப்பற்றது” என்று சொல்லி மூடிக்கொள்கிறது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் திங்கட்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். போதாக்குறைக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான அப்பாவின் படங்களும், அவர் பேசிய இரண்டு காணொளிகளும் அந்த ஒரு போனில்தான் இருக்கின்றன.

“பக்கத்து லயத்து அண்ணன் ஒரு லிங்க் அனுப்பினாரு சார். அதைப் போட்டா ஒரே அமுக்குல ரூட் திரும்ப வந்துடுமாம். போடட்டுமா?”

“தொடாதே! முதலில் உட்கார்” என்றேன்.

சாவிக்கொத்து என்பது எது?

நம் தோட்டத்து லயத்தையே எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு, ஒரு எண், ஒரு சாவி. அடுத்த வீட்டுக் கதவை நாம் திறக்க முடியாது. ஸ்டோர் சாவியும் ஆபீஸ் சாவியும் நம் கையில் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் பதிவிறக்கும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பயனர் எண்ணும் தனி அறையும் கொடுக்கப்படுகின்றன. வாட்ஸ்அப்பின் அறையை விளையாட்டுச் செயலி எட்டிப் பார்க்க முடியாது. வங்கிச் செயலியின் அறையை எவரும் எட்டிப் பார்க்க முடியாது.

ஆனால் துரையிடம் எல்லாச் சாவிகளும் கோத்த ஒரு வளையம் இருக்குமல்லவா? கணினி உலகில் அந்தத் துரைக்குப் பெயர் ‘ரூட்’. அவருடைய எண் 0. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் முறைமையிலிருந்து வந்த வழக்கம் இது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸும் அதையே கைக்கொண்டது. அந்த லினக்ஸின் மேல் எழுப்பப்பட்டதுதான் ஆண்ட்ராய்டு. போன் செய்பவர்கள் இந்தச் சாவிக்கொத்தை நம்மிடம் தருவதில்லை. அதை நாமாகக் கைப்பற்றுவதைத்தான் ‘ரூட் செய்தல்’ என்கிறார்கள்.

கைப்பற்றிய பின் அதை யாரிடம் ஒப்படைப்பது? வாசலில் ஒரு ஜாகா வேண்டும். “இந்தச் செயலி சாவி கேட்கிறது. கொடுக்கலாமா?” என்று நம்மைக் கேட்டு, ஆமென்றால் கொடுத்து, இல்லையென்றால் விரட்ட வேண்டும். முன்பு அந்த ஜாகாவாக இருந்தது, செயின்ஃபயர் என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் எழுதிய ‘சூப்பர்எஸ்யூ’. 2016 முதல் தைவானைச் சேர்ந்த ஜான் வூ என்பவர் எழுதிய ‘மேஜிஸ்க்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தம்பியின் போனில் இருந்ததும் அதுதான்.

நாமும் பூட்டை உடைத்தவர்கள்தாம்

“இப்படிச் செய்வது திருட்டுத்தனமல்லவா?” என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. தமிழர்களாகிய நாமே ஒரு காலத்தில் தமிழுக்காக இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறோம்.

2010, 2011-ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 2.2, 2.3 பதிப்புகள் ஓடிய காலம். அப்போது பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள்தாம் தெரியும். ஊரிலிருந்து வந்த தமிழ் மின்னஞ்சலும் கட்டமாகவே தெரியும். ஓப்பரா மினி உலாவியில் மறைவான ஓர் அமைப்பு இருந்தது. அதை மாற்றினால் தமிழ்ப் பக்கங்களைப் படமாக மாற்றிக் காட்டும். அந்த இரகசியத்தை ஒருவருக்கொருவர் மந்திரம் போலச் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் அது உலாவிக்குள் மட்டுந்தான். போன் முழுவதும் தமிழ் தெரிய வேண்டுமானால், சாவிக்கொத்தைக் கைப்பற்றி, உள்ளே எழுத்துருக்கள் இருக்கும் அறையைத் திறந்து, அங்கிருந்த எழுத்துருவை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துக்கள் அடங்கிய ஒன்றை வைக்க வேண்டும்.

நானும் செய்தேன். கட்டங்கள் மறைந்து முதல் தமிழ் வரி தெரிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது! ஆனால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் தனித்தனியாகப் போய் நின்றன. எழுத்துரு மட்டும் போதாது, எழுத்துக்களைச் சேர்த்துக் கோக்கும் திறனும் முறைமைக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. சில மாதங்கள் கழித்து ஒரு புதுப்பிப்பு வந்தது. ஆசையோடு அமுக்கினேன். புதுப்பிப்பு உள்ளறை முழுவதையும் புதிதாக மாற்றி எழுதிவிட்டது. சாவிக்கொத்தும் போயிற்று, தமிழும் போயிற்று, மறுபடியும் கட்டங்கள்!

அந்தக் குறையை நிரந்தரமாகத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. 1985 முதல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை வளர்த்து, 2005-இல் சிங்கப்பூரில் ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்த முத்து நெடுமாறன்தான் அவர். 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0-வும் 2012-இல் 4.1-உம் வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. இன்று எந்தப் போனை வாங்கினாலும் பெட்டியைத் திறந்தவுடனே தமிழ் தெரிகிறது. தமிழுக்காகப் பூட்டை உடைக்க வேண்டிய தேவை போய்விட்டது.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, “கட்டமா? தமிழா?” என்று நம்பாமல் பார்த்தான். அவன் அப்போது ஒன்றாம் ஆண்டு மாணவன்.

எது போயிற்று என்று முதலில் பார்க்க வேண்டும்

சரி, அவனுடைய போனுக்கு வருவோம். ‘ரூட் போயிற்று’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது நாலைந்து விதமாகப் போகக்கூடும். வயிற்று வலி என்று வருபவருக்கெல்லாம் ஒரே மருந்தைக் கொடுப்பதில்லை அல்லவா?

மேஜிஸ்க் செயலியைத் திறந்தால் முதற்பக்கத்தில் ‘இன்ஸ்டால்ட்’ என்ற சொல்லுக்கு எதிரே ஏதாவது எழுதியிருக்கும். அங்கே ஒரு பதிப்பு எண் இருந்தால் சாவிக்கொத்து இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று பொருள். ஜாகாதான் கொடுக்க மறுக்கிறார். ஏன் மறுக்கிறார்? அனுமதி கேட்கும் பெட்டி திரையில் பத்து விநாடிதான் நிற்கும். அதற்குள் நாம் தொடாவிட்டால் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்வார். அல்லது நாமே ஒருநாள் கை தவறி ‘மறு’ என்பதைத் தொட்டிருப்போம். ‘சூப்பர்யூசர்’ பட்டியலுக்குப் போய், அந்தச் செயலிக்கு எதிரே உள்ள பொத்தானைத் திருப்பினால் போதும். அதே மேஜிஸ்கின் அமைப்புகளில் ‘தானியங்கி பதில்’ என்பது ‘மறு’ என்றிருந்தால் எந்தச் செயலியைப் பற்றியும் அவர் நம்மைக் கேட்கவே மாட்டார். அதையும் பாருங்கள். பலருடைய தொல்லை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

செயலியே காணவில்லையா? மேஜிஸ்குக்குத் தன்னை மறைத்து வேறு பெயரில் உலவும் பழக்கம் உண்டு. மறைத்தவர் பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் ‘செட்டிங்ஸ்’ என்ற பெயரையே வைத்துக்கொள்ளும். போனில் இரண்டு ‘செட்டிங்ஸ்’ இருக்கிறதே என்று வீட்டில் யாராவது ஒன்றைத் துடைத்துப் போட்டிருக்கலாம். ஜாகா வீட்டுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். ஜான் வூவின் அதிகாரப்பூர்வ வெளியீட்டுப் பக்கத்திலிருந்து செயலியை மறுபடி இறக்கினால் சரியாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. 2019 வாக்கில் வந்த சாம்சுங் போன்கள் சிலவற்றில் மேஜிஸ்க் தங்குவதற்கு வழக்கமான இடம் இல்லாததால் ‘ரிக்கவரி’ என்னும் மீட்புப் பகுதியில் குடியேற்றியிருப்பார்கள். அத்தகைய போனை ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட பொத்தான்களைச் சேர்த்து அமுக்கித்தான் தொடக்க வேண்டும். சாதாரணமாகத் தொடக்கினால் ரூட் இராது. பழையதாக வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்? மின்கலம் தீர்ந்து ஒருமுறை அணைந்ததும், “ரூட் போயிற்று” என்று தலையில் கை வைத்துக்கொள்வார்.

தம்பியின் போனில் ‘இன்ஸ்டால்ட்’ என்பதற்கு எதிரே எண் இல்லை. ‘என்/ஏ’ என்று இருந்தது. அதாவது, சாவிக்கொத்து உண்மையிலேயே போய்விட்டது.

காரணம் இதுதான். மேஜிஸ்க் தன்னைப் போனின் ‘பூட் இமேஜ்’ என்ற பகுதியில் ஒட்டவைத்துக்கொள்கிறது. போன் கண் விழிக்கும்போது முதலில் படிக்கும் பகுதி அது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் பல போன்களில் முறைமை இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்றில் நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, மற்றொன்றில் சத்தமில்லாமல் புதுப்பிப்பு எழுதப்படும். போனை மறுபடி தொடக்கினால் புதிய பிரதிக்கு மாறிவிடும். அந்தப் பிரதியின் பூட் இமேஜ் தொழிற்சாலையிலிருந்து வந்த சுத்தமான ஒன்று. அங்கே ஜாகாவும் இல்லை, சாவியும் இல்லை.

போனை அணைத்துத் தொடக்கினேன். தொடங்கும்போது, ‘பூட்லோடர் திறந்திருக்கிறது’ என்ற எச்சரிக்கை வாசகம் தோன்றி மறைந்தது. தலைவாசல் இன்னும் திறந்துதான் கிடக்கிறது! வங்கிச் செயலியின் முரண்டுக்கும் இதுவே காரணம். திறந்த தலைவாசலை மறைத்துக் காட்ட, முன்பு வைத்திருந்தவர் மேஜிஸ்குக்குள் ஒரு துணைக்கருவி வைத்திருக்கிறார். மேஜிஸ்க் போனதும் அந்தத் திரையும் விழுந்துவிட்டது.

வழி இரண்டு

“இப்ப என்ன சார் செய்யலாம்?”

“முதலில் அப்பாவின் படங்களை எடுத்து வை” என்றேன்.

கம்பியை இணைத்து, என் மடிக்கணினியில் ஒரு பிரதி, ஒரு விரலியில் ஒரு பிரதி எடுத்தோம். இதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசகர்களே, இந்த வேலையை ஒருபோதும் பின்னுக்குத் தள்ளாதீர்கள். பூட்லோடரைத் திறந்தாலும் பூட்டினாலும் போனிலுள்ள அனைத்தும் அழிந்துபோகும். அது பழுது அன்று. போனைத் திருடியவன் பூட்டைத் திறந்து உங்கள் படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இனி முதல் வழி, ரூட்டைத் திரும்பப் பெறுவது. தலைவாசல் திறந்திருப்பதால் எதையும் அழிக்காமலே பெறலாம். போனில் இப்போது இருக்கும் பதிப்பின் எண்ணை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அதே எண்ணுள்ள முழு மென்பொருள் பொதியைத் தயாரிப்பாளரிடமிருந்து இறக்கி, அதிலிருந்து பூட் இமேஜை எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13-உடன் விற்பனைக்கு வந்த புதிய போன்களில் ‘இனிட் பூட்’ என்ற கோப்பை எடுக்க வேண்டியிருக்கும். அதைப் போனில் வைத்து, மேஜிஸ்க் செயலியைக் கொண்டு ஒட்டுப்போட்டு, கணினிக்கு மாற்றி, போனை ‘ஃபாஸ்ட்பூட்’ நிலையில் வைத்துத் திரும்ப எழுத வேண்டும். சாம்சுங் போன்களில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. ‘ஓடின்’ என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள்.

பதிப்பு எண் ஒன்று மாறினாலும் வம்புதான். வைஃபை வேலை செய்யாது, தொடுதிரை மரத்துப்போகும், அல்லது சின்னத்தைக் காட்டிக் காட்டி அணைந்துகொண்டே இருக்கும். அப்படி ஆனால் பதற வேண்டாம். ஒட்டுப்போடாத அசல் பூட் இமேஜை மறுபடி எழுதினால் பெரும்பாலும் எழுந்துவிடும். துணைக்கருவி ஒன்றால் வந்த கோளாறானால், போனைப் ‘பாதுகாப்பு நிலை’யில் ஒருமுறை தொடக்கினால் மேஜிஸ்க் தன் துணைக்கருவிகளையெல்லாம் நிறுத்திவிடும்.

ரூட் வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பை எதிர்கொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மேஜிஸ்கில் ‘நீக்கு’ என்ற பகுதிக்குப் போய், அசல் இமேஜைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். போனை மறுதொடக்கம் செய்யாதீர்கள். பிறகு புதுப்பிப்பை இறக்கி நிறுவுங்கள். ‘மறுதொடக்கம்’ என்று கேட்கும். அமுக்காதீர்கள்! மறுபடி மேஜிஸ்குக்குப் போய், செயல்படாத மற்றப் பிரதியில் நிறுவு என்று சொல்லி, அங்கிருந்து தொடக்குங்கள். ஜாகா புதிய வீட்டுக்கு முன்கூட்டியே போய் வாசலில் உட்கார்ந்திருப்பார். இது இரண்டு பிரதிகள் உள்ள போன்களுக்கு மட்டுமே பொருந்தும். தூங்கும்போது தானாகப் புதுப்பிக்கும் வழக்கத்தையும் ‘டெவலப்பர்’ அமைப்புகளில் நிறுத்திவிட வேண்டும். தம்பி அதைச் செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது வழி, போனைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோய்த் தலைவாசலைப் பூட்டிவிடுவது.

அவன் முதல் வழியைத்தான் விரும்பினான். நான் மறுத்தேன். “உனக்கு ரூட் எதற்கு?” என்று கேட்டேன். விளம்பரங்கள், வேண்டாத செயலிகளை நீக்குவது என்றான். வேண்டாத செயலிகளை ரூட் இல்லாமலே பெரும்பாலும் முடக்கலாம். கணினியோடு இணைத்து, நம் பயனர் கணக்கிலிருந்து அவற்றை நீக்கவும் முடியும். விளம்பரங்களில் பெரும்பகுதியைத் ‘தனியார் டிஎன்எஸ்’ என்ற அமைப்பைக் கொண்டே தடுக்கலாம். அவன் சொன்ன காரணங்கள் இரண்டும் அதோடு தீர்ந்தன.

“மறுபடி அந்த மறைப்புக் கருவியைப் போட்டா வங்கிச் செயலி ஓடுமே சார்?”

ஓடலாம். எத்தனை நாளைக்கு? வங்கி ஒரு பக்கம் கண்டுபிடிக்கிறது, மறைப்பவர்கள் ஒரு பக்கம் மறைக்கிறார்கள். கண்ணாமூச்சி ஆட்டம் போல நடந்துகொண்டிருக்கிறது. பணம் கட்ட வேண்டிய நாளில்தான் அது பிடிபடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு.

2022 ஏப்ரலில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடு சுத்தம் செய்யும் சேவை, செல்லப்பிராணிக் கடை என்ற பெயர்களில் போலிச் செயலிகளைப் பரப்பி, எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்திருந்தார்கள். செயலியை இறக்கியவர் கட்டணம் கட்டப் போனால் போலி வங்கிப் பக்கம் திறக்கும். கடவுச்சொல் அங்கே போகும். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணையும் அந்தச் செயலியே திருடனுக்கு அனுப்பிவிடும். அதே ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணுக்குப் பதிலாகப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படியும், ஒருவருக்கு ஒரே ஒரு கருவியில் மட்டும் அங்கீகாரம் அளிக்கும்படியும் வங்கிகளுக்குச் சொன்னது. ஆகவே இன்று அந்த ஒரு போன்தான் அம்மாவின் கையெழுத்து, முத்திரை எல்லாம்.

ஈசெட் சொன்ன அந்தத் திருட்டுச் செயலிகளுக்கு ரூட் தேவைப்படவில்லை. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியை வைத்துக்கொண்டே அவ்வளவும் செய்தன. துரையின் சாவிக்கொத்தும் கையில் கிடைத்தால்? லயத்தின் எந்தக் கதவும் அதற்கு மூடியிராது. பக்கத்து லயத்து அண்ணன் அனுப்பிய ‘ஒரே அமுக்கு’ லிங்க் எதற்கு என்று இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார். தமக்கு வந்ததை அனுப்பினார். ஆனால் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளின் ஓட்டைகளைக் கொண்டு வேலை செய்த அத்தகைய செயலிகள் இன்றைய போன்களில் பெரும்பாலும் பலிப்பதில்லை. பலித்தால் இன்னும் ஆபத்து. முகம் தெரியாத ஒருவன் துரையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்று பொருள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே உங்கள் வங்கியை அழையுங்கள், அல்லது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “பூட்டிடலாம் சார்” என்றான்.

பூட்டிய கதை

பொதி பல கிகாபைட் கனம். தோட்டத்தில் கிடைக்கும் இணைய வேகத்தில் அதை இறக்குவது நடவாத காரியம். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அவன் அக்காள் வீட்டில் இரவு முழுவதும் இறக்கினான். திங்கட்கிழமை காலையில் அவன் அம்மா பால் வெட்டுக்குப் போகாமல் அரைநாள் விடுப்பெடுத்து, பட்டணத்து வங்கி முகப்பிலேயே தங்கையின் கட்டணத்தைக் கட்டிவிட்டார். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாராம். “போன் இல்லாத காலத்துல இப்படித்தானே வாத்தியாரையா கட்டினோம்” என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

அன்று மாலை முழுப் பொதியையும் எழுதினோம். பூட்லோடரைப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை போனைத் தொடக்கி, எல்லாம் அசல் நிலையில் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். இதை மறக்கக் கூடாது. உள்ளே ஒட்டுப்போட்ட பகுதி ஏதாவது மிச்சமிருக்கும்போது பூட்டினால், போன் அதை ஏற்காமல் எழாமலே போய்விடலாம். அவனுடைய கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்றும் கேட்டேன். அழித்த பிறகு போன் பழைய கணக்கைக் கேட்கும். சொல்லத் தெரியாவிட்டால் சொந்தப் போனே நம்மை வெளியே நிறுத்திவிடும். அவன் இரண்டு முறை தப்பாகச் சொல்லி, மூன்றாம் முறைதான் சரியாகச் சொன்னான்!

எல்லாப் போன்களையும் இப்படிச் சுத்தமாகத் திருப்பிவிட முடியாது. சாம்சுங் போன்களில் ‘நாக்ஸ்’ என்றொரு காவல் உண்டு. ஒருமுறை ஒட்டுப்போட்ட மென்பொருளை எழுதினால் உள்ளே ஓர் அடையாளம் விழும். அதை எவராலும் அழிக்க முடியாது. பாதுகாப்புப் பெட்டகம் போன்ற வசதிகள் அந்தப் போனில் நிரந்தரமாகப் போய்விடும். ஹுவாவே நிறுவனமோ 2018-இல் பூட்லோடர் திறக்கும் எண்களைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஆகவே பழைய போன் வாங்கும்போது, கடையிலேயே ஒருமுறை அணைத்துத் தொடக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை வாசகம் ஏதாவது வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். “ரூட் செய்தது” என்று பெருமை பேசினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், கூட்டிக் கொடுக்காதீர்கள்.

வங்கிச் செயலியை மறுபடி பதிவு செய்தபோது, புதிய கருவிக்கான காத்திருப்பு நேரம் என்று சில மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பேங்க் நெகாரா 2022-இல் கொண்டுவந்த ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. யாராவது நம் பெயரில் வேறு போனில் பதிவு செய்தாலும், பணத்தை எடுக்குமுன் நமக்குத் தெரிந்துகொள்ள அவகாசம் கிடைக்கும். மறுநாள் காலை செயலி முணுமுணுக்காமல் திறந்தது.

அப்பாவின் படங்களில் ஒன்றை அவர்கள் பட்டணத்தில் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். காணொளிகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன.

தம்பியின் ஆசை மட்டும் அடங்கவில்லை. வங்கியும் இல்லாத, சிம்மும் இல்லாத ஒரு பழைய போனைப் பாசார் மாலாமில் 60 வெள்ளிக்கு வாங்கி, அதில் ரூட், மேஜிஸ்க் எல்லாம் போட்டுப் பழகுகிறான். அதற்கு நான் தடை சொல்லவில்லை. நேற்றிரவு அழைத்தான். “சார், சின்னத்தையே காட்டிக்கிட்டு நிக்குது சார்.” அசல் பூட் இமேஜை எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். வைத்திருக்கிறானாம். வரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறான்.